தம்பி கொடுத்த சத்துப் பொடி!

பச்சியப்பன் செத்துக் கிடந்தான்!

கண், உதடு, நகம்... எல்லாம் மஞ்சள்.

"காமாலைதான்!" என்றது கடத்தூர்ப் பக்கத்து அந்த ஊர்.

"ஐயோ... அண்ணா!" என்று மாரில் அடித்துக்கொண்டு புரண்டான் தம்பி சென்றாயன். மலேரியா ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுப்பான், மாத்திரை கொடுப்பான்.

அண்ணனைக் கொன்றதும் அதே மாத்திரைதான்!

வற்றாத கிணறு, சுற்றிலும் மாந்தோப்பு. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணி சின்னம்மாளை ஒரு மிரட்டு மிரட்டினால் எல்லாம் இவனுக்கு!

எழுபத்தொன்றாம் வருஷம் பச்சியப்பனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அந்த மாத்திரையைத் தின்றான்... மூத்திரம் கறுப்பாகப் போனது! சேலத்து டாக்டர்தான் காப்பாற்றினார்.

"இவர் ரத்தத்துல ஒரு என்சைம் குறைச்சல். உடம்புல சர்க்கரையைப் பக்குவம் பண்றதும் அதுதான், ரத்த அணுவுக்குக் காவல் நிக்கிறதும் அதுதான். மறுபடி இந்த மாத்திரை உள்ளே போச்சுன்னா... ரத்தம் உடைஞ்சு ஆளே காலி!"

அது போதும் சென்றாயனுக்கு. டாக்டர் பேசி முடிக்கும் முன்பே டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

மறு வருஷம் மாத்திரைகளை இடித்துத் தூளாக்கி, "சத்துப் பொடிண்ணா!" என்று பொட்டலம் கொடுத்தான்.

அண்ணன் தம்பியை நம்பினான், பாவம்!

கொள்ளி வைத்ததும் சென்றாயன்தான். கொள்ளி வைத்தவன் கருமாதி வரை இழவு வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அவனுக்கு அது வசதி. மிச்சப் பொடியைத் தேடலாமே!

பானை, பரண், தலையணை... எங்கேயும் இல்லை!

"என்ன தேடறீங்க தம்பி?"

"ஒ... ஒண்ணுமில்லீங்க அண்ணி."

"அப்ப உக்காருங்க. சுண்டவத்தக் கொழம்பு. ஆறிடப் போவுது!"

தினமும் அதே குழம்பு. கசந்தது. நல்ல பிள்ளையாகத் தின்றான்.

கருமாதியன்று காலை. வேலிப் பக்கம் ஒதுங்கிய சென்றாயன் அலறினான்.

கறுப்பு!

உள்ளே ஓடி வந்தான். கண்ணாடியில் பார்த்தான். கண் மஞ்சள்!

"அண்ணி... கொழம்புல என்னத்தப் போட்டே?"

சின்னம்மாள் அடுப்பை ஊதி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"நீ குடுத்த சத்துப் பொடிதான்டா. எம் புருசன் தின்னது போக மிச்சம்!"

"அடிப்பாவி! உனக்கெப்படி..."

"அவரு கறுப்பாப் போறாரு, சேலத்துக்குத் தூக்குங்கன்னு நான் உங்கால்ல விழுந்தேன். வண்டி மாட்டை அவுத்து வுட்டது யாரு? அப்பவே தெரிஞ்சு போச்சுடா!"

"ஆனா... அந்த நோவு அண்ணனுக்குத்தானே! எனக்கு ஏன்?"

"நீ டீக்குப் போயிட்ட. டாக்டரு மீதியையும் சொன்னாரு."

"என்னன்னு...?"

"இது ஆத்தா வழியா வர்ற கொறையாம். ஒரே வயித்துப் பிள்ளை, தம்பிக்கும் இருக்கலாம்னாரு!"

சென்றாயன் சுவரோடு சரிந்தான்.

"அண்ணி... சேலத்துக்குக் கூட்டிட்டுப் போ அண்ணி! தோப்பு வேண்டாம், கிணறு வேண்டாம்... உசுரு போதும்!"

சின்னம்மாள் அவன் இமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். சிரித்தாள்.

"சேலம் எதுக்கு? தம்பிக்கு இருக்கா இல்லையான்னு டெஸ்ட் பண்ணத்தான் கூட்டியாரச் சொன்னாரு டாக்டரு. அலைச்சல் வேண்டாம்னு நானே வூட்டுல பண்ணிட்டேன்... இருக்குது தம்பி!"