ராடிஷாவுக்கு எடுத்த சட்டை

ஸ்லாவ்கோவுக்கு விசிலடிக்கத் தெரியாது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் வெஸ்னா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுதான் வரும், அதை வைத்து எத்தனையோ தடவை அவனைக் கேலி செய்திருக்கிறாள். அதனால் புடாபெஸ்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பல்லிடுக்கில் கசிவதுபோல ஒரு மெல்லிய சீழ்க்கை காருக்குள் சுற்றத் தொடங்கியபோது, எங்கோ ரப்பர் விட்டுப்போய்க் காற்று நுழைகிறது என்றுதான் நினைத்தாள். ஜன்னல் கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏற்றினாள். சத்தம் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், புருஷனின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன.

"அட, இதை எப்ப கத்துக்கிட்ட?"

"எதை?"

"விசிலடிக்கறதை."

"நானா? வெயில்ல உனக்குக் காது அடைச்சிருச்சு, போ," என்று சிரித்தான்.

வியன்னாவிலிருந்து கிழக்கு செர்பியாவில் ம்லாவா ஆற்றங்கரையில் இருக்கும் அவன் ஊருக்கு ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். வருஷா வருஷம் ஆகஸ்டில் இந்தப் பயணம். அண்ணன் ஸ்லாவ்கோவும் தம்பி ராடிஷாவும் முறை வைத்து ஓட்டுவார்கள், அவள் பின்சீட்டில் ரொட்டியும் மிளகாயும் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே வருவாள், தம்பி அடிக்கும் ஜோக்குகளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பாள். வருஷத்திலேயே நல்ல நாள் அதுதான் என்று அவளுக்குத் தோன்றும். போன ஆகஸ்டில் ராடிஷா வியன்னாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் ஸ்லாவ்கோ. சவப்பெட்டியோடு ஊருக்குப் போனபோது, மாமியார் ஸ்தானா அத்தனை பேர் முன்னாலும் மூத்தவனைப் பார்த்து, "தப்பான ஆளு திரும்பி வந்திருக்கான்," என்றாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவனோடு பேசவே இல்லை.

இன்று வருஷத்திதி. பொமானா என்பார்கள். செத்தவனின் அளவுக்குத் தலைமுதல் கால்வரை புதுத்துணி எடுத்து, உயிரோடு இருக்கும் ஒருவனுக்குப் போட்டு, செத்தவனின் இடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். அவன் சாப்பிட்டால் செத்தவன் சாப்பிட்ட மாதிரி. பந்தி முடிந்ததும் அவன் பழையபடி அவனாகி, புதுத்துணியோடு வீட்டுக்குப் போய்விடுவான். வடக்குச் சமவெளியில் பிறந்த வெஸ்னாவுக்கு இதெல்லாம் புதுசு. ஆனால் அவளுக்கே தெரியும், துணியைப் பந்தியில் வைத்துத்தான் உடுத்துவார்கள், அதுவும் கூடப்பிறந்தவர்களுக்கு உடுத்த மாட்டார்கள்.

போன வாரம் ஸ்தானாவே வெஸ்னாவுக்குப் போன் செய்தாள்.

"துணிய மடிச்சு எடுத்துட்டு வராத. அங்கேயே அவனுக்குப் போட்டு விட்டுடு. வழியில கழட்டக் கூடாது. என் மகன்கிட்ட சொல்லு, அம்மா காத்திருக்கேன்னு."

அம்மா மகன் என்றாளா, மகன் என்றுதான் சொன்னாளா என்று ஸ்லாவ்கோ ரெண்டு தடவை கேட்டான். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அதற்கு மேல் அவள் எப்படி வேண்டாம் என்பாள்?

விடியற்காலையில் போட்டபோது சட்டை தொளதொளவென்று இருந்தது. ராடிஷா தோள் அகலமானவன். ஸ்லாவ்கோவின் விரல் நுனிகள்தான் சட்டைக்கைக்கு வெளியே தெரிந்தன. இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தாள். சட்டைக்கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது.

எல்லையில் இரண்டரை மணி நேரம் வரிசை. வண்டிகளின் புகையும், உருகிய தாரும், எவர் காரிலோ கெட்டுப்போன தர்ப்பூசணியும் சேர்ந்து நாற, முன்னாலும் பின்னாலும் ஜனங்கள் பனியனோடு நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். வெஸ்னாவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவன் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

சீருடையைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஸ்லாவ்கோ, முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டான். "அந்த போட்டோல இருக்கறவன் ரொம்ப சோகமா இருக்கான், இல்ல சார்? நான் அவன்கிட்ட அடிக்கடி சொல்றதுதான்."

அதிகாரி சிரித்தபடி முத்திரை குத்தினார். வெஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்லாவ்கோவுக்கு இப்படிப் பேச வராது.

நோவி சாத் நகரைத் தாண்டிப் பெட்ரோல் போட நிறுத்தியபோது அவன் சிகரெட்டோடு திரும்பி வந்தான். ஆஸ்துமாக்காரன். புகையை ஆழமாக இழுத்து, நிதானமாக விட்டான். ஒரு இருமல்கூட இல்லை.

"சட்டையக் கழட்டு. டிக்கியில வேற இருக்கு."

"ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

"இப்பவே கழட்டு!"

தானே பொத்தானில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெயிலில் துணி சுட்டது. உள்ளே நெஞ்சு, குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த இறைச்சிபோல் ஜில்லென்று இருந்தது.

கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஊருக்குப் போன் செய்தாள். மறுமுனையில் தட்டுகள் மோதும் சத்தம், பெண்களின் பேச்சு, பலகையில் எதையோ வெட்டும் கத்தி.

"அத்தை, ஸ்லாவ்கோவுக்கு என்னமோ ஆகுது, எனக்குப் பயமா—"

"விசிலடிக்கிறானா?"

வெஸ்னா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சொல்லுடி. விசிலடிக்கிறானா?"

"ஆமா."

கத்திச் சத்தம் நின்றது. நீண்ட மூச்சு. அப்புறம் அழுகை. சந்தோஷத்தில் அழுகிற அழுகை. "சீக்கிரம் கூட்டிட்டு வா. என் பிள்ளைக்குப் பசிக்கும்," என்றாள் ஸ்தானா.

ஓடிவிடலாம்தான். ஆனால் அந்தச் சட்டைக்குள் எங்கோ அவள் புருஷன் இருந்தான். பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதற்குள் அதைக் கழட்டிவிட்டால் போதும், அவன் கிடைத்துவிடுவான். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்த நகவெட்டுக் கத்தரியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

பெல்கிரேடு பாலத்து நெரிசல் கழிந்து, பெரிய சாலையை விட்டு மலைப்பாதையில் திரும்பும்போது மணி நாலு. இருபுறமும் தலை கருகிய சூரியகாந்திகள். வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. காருக்குள் சிகரெட் வாசனை, புதுத்துணியின் கஞ்சி வாசனை, அதற்கும் அடியில் ஈரச் சிமெண்ட் வாசனை.

"என்னை முதல்ல எங்க பார்த்த, சொல்லு," என்றாள்.

வெகுநேரம் யோசித்தான். "கல்யாணத்துல."

"யார் கல்யாணத்துல?"

இதென்ன கேள்வி என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"உங்க ரெண்டு பேர் கல்யாணத்துலதான்."

கத்தரியைக் கழுத்துப்பட்டிக்குள் நுழைத்தாள். ஒரு பொத்தான் தெறித்தது. இன்னொன்று. கார் சாலையின் ஓரத்துக்குப் போய்ச் சரளையில் கரகரத்து மறுபடி ஏறியது. அவள் மணிக்கட்டை அவன் பிடித்தான். ஐஸ் கை.

அப்போது அவன் மார்பில் ஒரு கீச்சு. பதினொரு வருஷம் இரவுகளில் பக்கத்தில் படுத்துக் கேட்ட அந்த இளைப்பு.

"வெஸ்னா," என்றான். மூச்சுக்குத் திணறினான். "வெட்டு. நிறுத்தாத. வெட்டும்மா."

மூன்றாவது பொத்தான். பிடி இறுகியது. எலும்பு நொறுங்குவதுபோல வலி. கத்தரி சீட்டுக்கு அடியில் விழுந்தது. இளைப்பு நின்றது.

விசில் ஆரம்பித்தது.

வீட்டு முற்றத்தில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். ஸ்தானாவே வந்து கார்க்கதவைத் திறந்தாள். பிரிந்து கிடந்த சட்டையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் தலைத்துணியிலிருந்து ஊசியை எடுத்துச் சட்டையின் கழுத்துப்பட்டியில் குத்திச் சேர்த்தாள். அவன் கையைப் பிடித்து அழைத்துப் போய் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"சாப்பிடாத!" வெஸ்னா கத்தினாள். "ஸ்லாவ்கோ, எழுந்திரு! சாப்பிடாத!"

இரண்டு பெண்கள் அவளை இருபுறமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை, இதமாக. "தாங்க முடியல பாவம்," என்றாள் ஒருத்தி.

ஸ்தானா மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

"இது என் மூத்த மகன் ஸ்லாவ்கோவுக்கு. அவன் போன இடத்துல வெளிச்சம் இருக்கட்டும்."

ஒரு கிழவர் கரண்டியை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். அப்புறம் ஒவ்வொருவராகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவரும் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்," என்றார்கள்.

அவன் ரொட்டியைப் பிய்த்தான். வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான்.

பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அதே கண். அதே புருவம். கண்ணில் அவள்மேல் அவ்வளவு இரக்கம். எழுந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உட்காருங்க அண்ணி," என்றான். "அண்ணன் பேரைச் சொல்லி ஒரு வாய் சாப்பிடுங்க."