வரையாட்டு முனையில் விடுபட்டவர்

“எண்ணிக்கை சரியா இருக்குதுங்க! வண்டிய எடுங்க காஜா பாய்!”

வழிகாட்டி ராக்கியப்பன் கத்திக்கொண்டே படியில் தொற்றிக்கொண்டான். கூனமலைச் சரணாலயத்தின் சுற்றுலாப் பேருந்து உறுமிக்கொண்டு இறக்கத்தில் நகர்ந்தது. மலையின் உச்சியில் அவர்கள் சற்றுமுன் இறங்கிப் பார்த்த வரையாட்டு முனையைப் பனி அதற்குள் பாதி விழுங்கிவிட்டிருந்தது.

செங்கமலம் சன்னலோரத்தில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கோவில்பட்டியிலிருந்து தோழிகளோடு வருவதாகத்தான் ஏற்பாடு. ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டில் விருந்தாளி, இன்னொருத்தி காரணம்கூடச் சொல்லவில்லை. தனியாகவே கிளம்பி வந்துவிட்டாள். வண்டி முழுக்கக் குடும்பங்கள். மான் தெரிந்தால் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். காட்டெருமை தெரிந்தால் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் பார்த்த மானை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் அவளே வைத்துக்கொண்டாள்.

அவளைப் போலவே தனியாக வந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். கடைசி இருக்கையில், சிவப்பு மப்ளர் சுற்றிய ஐம்பது வயதுக்காரர். காலையில், “சன்னலைக் கொஞ்சம் மூடுதீகளா சார்?” என்று கேட்டபோது அவர் திரும்பவே இல்லை. திமிர் என்று நினைத்தாள். தோளைத் தொட்டதும் பதறிப்போய், காதைக் காட்டிக் கூச்சத்தோடு சிரித்தார். அவருக்குக் காது கேட்கவில்லை!

இரண்டாவது வளைவு தாண்டியதும் செங்கமலம் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். கடைசி இருக்கையில் ஓர் உருவம் தலையோடு கம்பளி போர்த்திச் சுருண்டிருந்தது. கம்பளியா? அவரிடம் ஏது கம்பளி?

எழுந்து போய்க் கம்பளியை விலக்கினாள். உள்ளே நரைத்த மீசையோடு வேறொரு முகம்!

“நான் காவலுங்க. மேல டூட்டி முடிஞ்சுது. கீழ போறதுக்கு ஏறுனனுங்க,” என்று கண்ணைக் கசக்கினார் அந்த வனக்காவலர்.

செங்கமலம் முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். “அண்ணே, வண்டிய நிறுத்துங்க! ஒரு ஆளு ஏறல! இவரையும் சேத்து எண்ணிட்டீக!”

வண்டி குலுங்கி நின்றது. ராக்கியப்பன் ஓடிவந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“விசில் ஊதுனனேங்க...”

“அவருக்குக் காது கேக்காதுல்லா!”

ஓட்டுநர் காஜா பாய் வண்டியைப் பின்னோக்கி ஏற்றத் தொடங்கினார். அகலமில்லாத மலைச்சாலை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முதல் வளைவை ஒட்டி வந்ததும் பிரேக்கை மிதித்தார்.

பின்கண்ணாடியில் யானைகள் தெரிந்தன! பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகச் சாலையில் இறங்கி, மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டு நின்றன. நடுவில் ஒரு குட்டி.

“குட்டி இருந்தா ஆகாது,” என்றார் காஜா பாய் மெதுவாக. “ஒரு அடி நகர மாட்டேன். ஹாரனும் அடிக்க மாட்டேன். மெரண்டு மேல ஓடுச்சுன்னா, அந்த மனுசன் அங்கதான இருக்காரு?”

“மேல இருந்து அவரே நடந்து வந்தாருன்னா?” என்று கேட்டாள் செங்கமலம்.

எல்லோர் மனத்திலும் ஒரே படம்தான் ஓடியது. பனியில் கண் தெரியாமல், யானை பிளிறினாலும் கேட்காமல், நேரே கூட்டத்துக்குள் நடந்து வரும் ஒரு மனிதர்.

“புல்லுச் சரிவுல ஒரு ஒத்தையடிப் பாதை இருக்குதுங்க,” என்றான் ராக்கியப்பன். “வளைவச் சுத்தாம மேல போயிரலாம். காவலரு வண்டிக்குப் பாதுகாப்பா இருக்கோணும். தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிட்டா எனக்கு இன்னொரு ஆளு வேணும். யாராச்சும் வர்றீங்களா?”

இரண்டு மூன்று ஆண்கள் எழப் பார்த்தார்கள். மனைவிமார் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். செங்கமலத்தின் சால்வையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை.

“நான் வாரேன்,” என்றாள்.

சரிவில் ஏறுவது சாலையில் நடப்பது போலவா? ஈரப் புல் வழுக்கியது. கணுக்காலில் அட்டை ஏறியது. கீழே, கைக்கெட்டும் தூரம்போல மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. இருவரும் வாயைத் திறக்காமல் புல்லைப் பற்றிப் பற்றி ஏறி, யானைகளுக்கு மேலே சாலையில் போய்க் குதித்தார்கள்.

“அக்கா, நான் இங்கயே ரோட்ட மறிச்சு நிக்கறேன்,” என்று கிசுகிசுத்தான் ராக்கியப்பன். “அவரு பனியில நம்மளத் தாண்டிப் போயிரக் கூடாது. நீங்க மேல போயிப் பாருங்க. ரோட்ட மட்டும் விட்றாதீங்க!”

நாலு எட்டு வைத்துத் திரும்பினாள். அவன் இருந்த இடத்தில் வெண்மைதான் இருந்தது.

அவ்வளவு தனிமையை அவள் அறிந்ததே இல்லை. வானமும் இல்லை, மலையும் இல்லை. தன் செருப்புச் சத்தம்கூட யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. இங்கே நான் விழுந்தால் எந்தத் தோழிக்குத் தெரியும்? கால்கள் தயங்கின. ஆனாலும் நிற்கவில்லை.

முனையின் கம்பித் தடுப்பு கையில் தட்டுப்பட்டது. ஆள் இல்லை.

அப்போதுதான் கேட்டது. தடுப்புக்குக் கீழே, பாறைச் சரிவிலிருந்து ஒரு குரல்.

“யாராச்சும் இருக்கீங்களா...?”

“இருக்கேன் சார்! வந்துட்டேன்!” என்று கத்தினாள்.

“யாராச்சும்... இருக்கீங்களா?”

“இந்தா வாரேன்!”

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி அழைத்தார். அவள் மறுபடி பதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் குரல் சற்றே தாழ்ந்தது. பிறகு அழைப்பதையே விட்டுவிட்டார்.

அந்த மௌனத்தைத்தான் செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்தாள். தடுப்புக்குள் நுழைந்தாள். பாறையில் வயிற்றை ஒட்டவைத்து, புல் கற்றையைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இறங்கினாள். ஒரு கல் பெயர்ந்து உருண்டது. விழுந்த சத்தம் வரவே இல்லை! கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.

சிவப்பு மப்ளர் தெரிந்தது. அவர் ஒரு பாறைத் திட்டில், வலது கால் பிளவில் சிக்கிக் கிடக்க, முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். தோளைத் தொட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எம்மா... நீயா? நா வரலன்னு யாருக்கும்மா தெரிஞ்சுது?”

செங்கமலம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

ஷூவின் கயிற்றை அவிழ்த்து, காலை மெல்லத் திருகி உருவினாள். வலியில் அவர் பல்லைக் கடித்தார். கால் வெளியே வந்தது. ஷூ பிளவோடு தங்கிவிட்டது. அந்த நேரம் காற்று வீசிப் பனி கிழிந்தது. எதிர்ப் பாறையில், செங்குத்தான விளிம்பில், வரையாடுகள் நின்றன! வளைந்த கொம்புகளோடு ஒரு பெரிய கிடா அவர்களையே பார்த்தது.

“இதுக்குத்தாம்மா எறங்கினேன்,” என்றார் அவர். “முப்பது வருசம் பட்டறைல தகரம் அடிச்சதுல காதுதான் போச்சு. கண்ணால பாத்துக்கலாமேன்னு... தப்புதான். அந்தக் கம்பிய நா தாண்டியிருக்கக் கூடாது.”

இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பனி மூடிக்கொண்டது.

மேலே ஏற்றுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராக்கியப்பன் அவர்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். அவரை நடுவில் தாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். பாதி வழியில் கீழே ஒரு தும்பிக்கை உயர்ந்து காற்றை முகர்ந்தது. செங்கமலம் சட்டென்று உள்ளங்கையை அவர் மார்பில் வைத்தாள். அவர் கல்லாக நின்றார். மூவரும் மூச்சைக்கூட விடவில்லை. தும்பிக்கை தாழ்ந்தது. குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு கூட்டம் மெல்லப் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தது!

பேருந்தில் கைதட்டல் அடங்கவே இல்லை. யாரோ சூடான தேநீரை நீட்டினார்கள். யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ராக்கியப்பன் இந்த முறை தலைகளை எண்ணவில்லை. ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தான். “செங்கமலம்,” என்று அவள் சொன்னாள். அன்று முழுதும் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. “தணிகாசலம்!” என்றார் அவர், ராக்கியப்பனின் சைகையைப் புரிந்துகொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக. வண்டியே சிரித்தது.

அடிவாரத்தில் எல்லோரும் அவரவர் வழியில் கலைந்தார்கள். தணிகாசலத்தை முதலுதவிக்கு அழைத்துப் போனார்கள். செங்கமலம் ஊருக்குப் போகும் பேருந்தில் தனியாக ஏறி உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே மலை மங்கிக்கொண்டிருந்தது. திரும்பவும் அதே அமைதி.

வண்டி புறப்படும் நேரம். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு ஒருவர் சன்னல் சன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

“ஏறிட்டியாம்மா?” என்றார் மூச்சிரைக்க. “ஏறிட்டியான்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”