கண்ணாடி மேல் வைத்த காசு

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெருவில் அந்த ஊர் வாயே நான்தான் என்று என் தம்பி பொண்டாட்டி சொல்லித் திரிகிறாள். சொல்லட்டும். யார் வீட்டில் பாத்திரம் பறந்தது, யார் தலைக்குச் சாயம் அடிக்கிறார் என்பதெல்லாம் என்னிடம் உண்டுதான். ஆனால் முப்பத்தாறு வருஷமாக இந்த வாய் ஒரே ஒரு சங்கதியை மட்டும் வெளியே விட்டதில்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு, பிளாஸ்க்கில் டீயோடு தெருமுனை வீடியோ கேம் கடைக்குப் போனேன். டிவி ரிப்பேர் செய்யும் என் தம்பி, பூட்டிக் கிடந்த அந்தக் கடையை உள்ளே இருந்த ஆறு மெஷின்களோடு எடுத்திருந்தான். நரைத்த தலைகள் எல்லாம் பழைய ஆட்டத்தைத் தேடி ஓடி வரும் என்பது அவன் கணக்கு. டீ ஒரு சாக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டு. ஜன்னல்களுக்கு அந்தக் காலத்தில் அடித்த கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. சூடேறிய தூசியும் ஈயம் உருகிய புகையும் கலந்து நெடி அடித்தது. ஐந்து மெஷின்கள் செத்துக் கிடந்தன. கடைசி மெஷினில் மட்டும் பச்சை வெளிச்சம்.

பூச்சிப்படை. வானத்திலிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே ஒரு கப்பல், சுட வேண்டும். ஒரு காசுக்கு மூன்று கப்பல். அவ்வளவுதான் ஆட்டம். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் திருந்தவில்லை, கைப்பேசியில் கலர் உருண்டை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மெஷின் முன்னால் நின்றிருந்தான். அதன் வாய் பழைய தடிக் காசைத்தான் விழுங்கும், அது செல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது என்று காலையில்தான் புலம்பியிருந்தான். இப்போது அவன் விரலிடுக்கில் ஒரு தடிக் காசு.

"ஏதுடா இது?"

"இந்த ஸ்கிரீன் கண்ணாடி ஓரத்துலயே இருந்துச்சுக்கா. தூசியில ஒட்டிக் கிடந்துச்சு. சுரண்டி எடுத்தேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காசு உள்ளே விழுந்து உருளும் சத்தம் கேட்டுவிட்டது.

அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் ஆடிய காலத்தில் அவன் மூக்கொழுகிக்கொண்டிருந்த நாலு வயசு. கடையில் ஒரு சட்டம் இருந்தது. அடுத்த ஆட்டம் வேண்டுமென்றால் காசைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வைக்க வேண்டும். இடது பக்கம் முதல் காசு யாருடையதோ அவர்தான் அடுத்து. அடிதடிக்காரன்கூட அடுத்தவன் காசைத் தொட மாட்டான்.

கொக்கு என்று ஒருவன் வருவான். ஒல்லி, நெட்டை, நெஞ்சில் எப்போதும் விசில் மாதிரி இழுப்பு. வாயில் இருமல் மிட்டாய். ஆடுகிறவரின் பின்னால் நின்று, தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்ப்பான். ஒருநாள் இருமல் தாங்காமல் வெளியே போனான். அவன் காசைப் பின்னால் தள்ளி, என் காசை முன்னால் வைத்தேன்.

திரும்பி வந்தவன், தன் காசுதானே முதலில் இருந்தது என்று கேட்டான். இல்லவே இல்லை என்று சாதித்தேன். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கடை மூடும்வரை நான் ஆடினேன், அவன் என் பின்னாலேயே நின்றான்.

"காசு இங்கயே இருக்கட்டும்," என்றான் போகும்போது. "நாளைக்கு முதல் ஆட்டம் என்னோடது."

மறுநாள் அவன் வரவில்லை. இரவே மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். அந்தக் காசை யாரும் தொடவில்லை. ஒரு மாதத்தில் கடையும் பூட்டிப் போனது.

இப்போது தம்பி ஆடிக்கொண்டிருந்தான்.

முதல் கப்பல் வெடித்தது. அவன் இருமினான்.

"தூசிடா. வா, வெளியே போலாம்."

அவன் திரும்பவில்லை. கைகள் மட்டும் விறுவிறுவென்று ஓடின. அவனுக்குச் சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது மூச்சு இழுபட்டது. விசில் மாதிரி.

இரண்டாவது கப்பல் வெடித்தது.

"கை வர மாட்டேங்குதுக்கா," என்றான் மெல்ல. உதடு நீலமாகியிருந்தது.

பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

பூச்சிகள் இறங்கிக்கொண்டேயிருந்தன.

இருமல் மிட்டாய் வாசனை அடித்தது.

கண்ணாடியில் தம்பி முகம் தெரிந்தது. அவன் தோளுக்கு மேலே, மெதுவாக, ஒரு கழுத்து நீண்டது.

அவனிடம் மிச்சமிருந்தது ஒரே கப்பல். அது போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவே பயப்படும் என் வாய் ஒட்டிக்கொண்டது. நாக்கைப் பிய்த்தெடுத்துத்தான் பேசினேன்.

"கொக்கு... இவனுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு உன் காசைத் தள்ளி வச்சது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். இவனை விட்டுடு."

இழுப்புச் சத்தம் நின்றது.

திரை அணைந்தது. மெஷினின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டு, கீழ்த் தட்டில் 'டிங்' என்று விழுந்தது. அதே காசு. தம்பி மடங்கி உட்கார்ந்து, தண்ணீரிலிருந்து எழுந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

அந்தக் காசை எடுத்து, கண்ணாடி ஓரத்தில், இடது பக்கம் முதலாவதாக வைத்தேன். கடையைப் பூட்டினோம். அவன் பொண்டாட்டியிடம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னோம். நானா இப்படிச் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் காலை ஜன்னல் பெயின்ட் உரிந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில் காசு இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. தம்பி மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், இருமலே இல்லை.

தம்பியை விடச் சொன்னேன், கொக்கு விட்டுவிட்டான். யார் செய்தது என்பதையும் நானே சொல்லிவிட்டேனே.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு உருண்டை உடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கைப்பேசி மேஜையில் மல்லாந்து கிடந்தது.

அதன் கண்ணாடி மேல், இடது ஓரத்தில், ஒரு தடிக் காசு.

நான் அதைத் தொடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. என் தோளுக்கு மேலே யாரோ பொறுமையாக மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்கள்.