காணாமல் போன புரதம்

“சந்தனப் பொட்டை ஏன் பாட்டில் மூடியும் கழுத்தும் சேர்ற இடத்துல வைக்கிறீங்க?” என்று போன வருட ஆயுத பூஜையன்று கமருன்னிஸா கண்ணாத்தாளைக் கேட்டிருந்தார்.

“மேல நம்பர் இருக்கு, முன்னால லேபிள். வேற எடம் ஏது மேடம்?”

தஞ்சாவூர் வல்லம் சாலை ஆய்வுக்கூடத்தின் தலைவர் கமருன்னிஸா. கண்ணாத்தாள் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுபவர். இந்த வருடமும் புதன் மாலை அவரே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். விஷ மருந்து அலமாரியை மட்டும் கமருன்னிஸா திறந்து, கூடவே நின்று, பூட்டினார். வியாழன் விடுமுறை.

சனி, காலை 10.20. முந்தின நாள் எடுத்த எலிச் செல்களை அளந்து பார்த்த ஆராய்ச்சி மாணவி அனுராதா முகம் வெளுத்தாள். மூன்று மாதமாக அவள் பெருக்கி வந்த புரதம் செல்களில் இல்லை.

“கண்ணாத்தாக்கா செல் வளர்ற இன்குபேட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டுப் பொட்டு வெச்சிருப்பாங்க. சூடு போயிருக்கும்,” என்றான் சக மாணவன் நெடுமாறன். ஜெர்மனி மாநாட்டுக்கு அவர்கள் இருவரில் ஒருவர்தான் போக முடியும்.

“பிடுங்கினீங்களா?” என்றார் கமருன்னிஸா.

“இல்ல மேடம்.”

“பொய் சொல்லாதீங்கக்கா!” அனுராதா கத்தினாள். “திங்கட்கிழமையிலேருந்து வேற ஆள் அனுப்பச் சொல்லி, உங்களை அனுப்பின ஏஜென்சிக்குப் போன் போட்டுட்டேன்.”

கண்ணாத்தாளின் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

11.30. கமருன்னிஸா அதே செல்களில் அந்தப் புரதத்துக்கான ஆர்என்ஏ அளவைப் பார்த்தார். அது குறையவேயில்லை.

“சூடு போயிருந்தா செல்லே படுத்திருக்கும். இங்க செல் உயிரோட இருக்கு. மரபணு சொன்னது ஆர்என்ஏவா வந்தும் சேர்ந்திருக்கு. அதைப் படிச்சுப் புரதம் செய்யற வேலை மட்டும் நின்னுருக்கு. இந்தப் புரதத்தைச் செல் செஞ்சுக்கிட்டே இருக்கும், அழிச்சுக்கிட்டே இருக்கும். செய்யறது நின்னா நாலு மணி நேரத்துல காலி.”

“அப்படி நிறுத்தற மருந்து பூட்டுலல்ல இருக்கு?” என்றாள் அனுராதா.

“இருக்கு. சாவி எங்கிட்ட ஒண்ணு, நெடுமாறன்கிட்ட ஒண்ணு.”

நெடுமாறன் சிரித்தான். “புதன்கிழமை நீங்களே திறந்தீங்களே மேடம். அக்கா அப்பவே எடுத்திருக்கலாம்.”

12.05. கமருன்னிஸா அலமாரியைத் திறந்து பாட்டில்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் பாதிப் பொட்டு மூடியில், பாதி கழுத்தில். பதின்மூன்றாம் பாட்டிலில் மட்டும் மேல்பாதி ஒரு விரல் தள்ளி நின்றது. இடையே சந்தனம் உதிர்ந்திருந்தது.

“அதுதான் அந்த மருந்து. பொட்டு வெச்சு நான் பூட்டின பிறகு மூடி திறந்திருக்கு. திரும்ப மூடினப்ப பொட்டோட ரெண்டு பாதியும் நேராச் சேரலை. என் சாவி வியாழன் முழுக்க என்னோட நாகூர்ல இருந்துச்சு. நெடுமாறன், வாசல் பதிவேட்டுப்படி வியாழக்கிழமை இங்க வந்தது நீ மட்டும்தான்.”

நெடுமாறன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “ஜெர்மனிக்கு ஒரே ஒரு இடம்தானே மேடம்...”

அனுராதா திரும்பினாள். “அக்கா, மன்னிச்சிருங்க. ஏஜென்சிக்கு இப்பவே போன் போடறேன். திங்கட்கிழமை வந்துருவீங்கல்ல?”

கண்ணாத்தாள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.