ஆளில்லாத எண்

“எனக்குன்னு ஒரு கணக்கு போட்டுக் குடுங்களேன். இந்தக் கம்ப்யூட்டர்லதானே அக்காவும் வேலை பார்த்தாங்க?”

“அவ கணக்கை அழிச்சாச்சு.”

“அடேயப்பா! நாளைக்கு என்னையும் இப்படித்தான் துடைச்சுப் போட்டுடுவீங்களா?”

காலையில் புது மனைவி கேட்டுச் சிரித்தது, மழை இருட்டிய அந்தப் பிற்பகலில் அவனுக்கு நினைவு வந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் இருந்தது முதல் மனைவி எழுதிய மென்பொருள். தன்னுடையது என்று சொல்லி விற்றுவிட்டான். வாங்குகிறவர்கள் மாலையில் வந்துவிடுவார்கள். அதற்குள் அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாக வேண்டும். சேமிக்கப் போனால், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ். அவனுடைய சொந்தக் கோப்புறையில், அவனுக்கே.

கோப்பின் உரிமையாளர் யாரென்று பார்த்தான். புது மனைவியின் பெயர்.

புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். லினக்ஸுக்கு ஆட்களை எண்ணால்தான் தெரியும், பெயரெல்லாம் நமக்காக. செத்தவளின் கணக்கை அழித்தவன், கோப்புகளில் அவள் எண்ணை அப்படியே விட்டுவிட்டான். ஆளில்லாமல் கிடந்த அந்த எண், காலையில் புது மனைவிக்குக் கணக்கு போட்டபோது இவளுக்குப் போயிருக்கிறது. செத்தவளுடையதெல்லாம் இப்போது இவளுடையது.

முதல் மனைவி செத்த அன்றைக்கும் இதே அறையைத் தாழிட்டுக்கொண்டுதான் அவளுடைய கோப்புகளை, உரிமையாளர் எண்ணோடு அப்படியே, தன் கோப்புறைக்கு அவசர அவசரமாக நகலெடுத்தான். வெளியே அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இளைப்பு முற்றியிருந்தது, வாய்திறந்து கேட்க மூச்சில்லை. அவள் மருந்து இந்த மேஜை டிராயரில் இருந்தது. அவனுக்கும் தெரியும். தட்டல் ஓயும்வரை திரும்பவில்லை. காதில் விழவில்லை என்று எல்லோரையும் நம்பவைத்துவிட்டான்.

இப்போது நிர்வாகியாக நுழைந்து, எல்லாவற்றையும் தன் பெயருக்கு மாற்றினான். மாறியது. அப்பாடா என்று சாய்வதற்குள், மேலிருந்து ஒவ்வொரு வரியாக மீண்டும் புது மனைவியின் பெயர். ஜன்னலில் மழை சளசளத்தது. அதன் அடியில் சீழ்க்கைபோல் மெல்லிய இழுப்பு ஒன்று, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. செத்தவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் காரமான வாசனை.

அவனுடைய படங்கள். அவள் பெயர். அவனுடைய கடிதங்கள். அவள் பெயர்.

கடைசிக் கோப்பில் மட்டும் அவன் பெயர் மிஞ்சியிருந்தது. கண்ணெதிரே அதுவும் போயிற்று. பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்.

அவன் கணக்கை யாரோ அழித்துவிட்டார்கள்.

திரும்பினான். புது மனைவி அறைக்குள் நின்றாள்.

“நீயா... எப்படி உள்ள வந்தே?”

தாழ் போட்டபடியே இருந்தது.

அவள் நெருங்கி வந்தாள். விரல் முட்டியை அவன் நெஞ்சில் வைத்துத் தட்டினாள். மெதுவாக. விடாமல். அவன் வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். காற்று வரவில்லை. கை டிராயரை இழுத்தது. அசையவில்லை.

தட்டிக்கொண்டே, அன்றைக்கு மூச்சில்லாமல் போன குரலில் அவள் கேட்டாள்:

“கதவைத் திறங்க. மருந்து உள்ள இருக்கு.”