பத்து வினாடி மௌனம்

கணக்கு டீச்சர் "சரிம்மா" என்று சொல்லியிருந்தார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் அடுத்த பதிவுக்குப் போயிருப்பாள். ஆனால் டீச்சர் அவ்வளவு லேசில் சரி என்று சொல்கிற ரகம் இல்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறவர், நாக்கில் எப்போதும் பிரம்பை வைத்திருக்கிறவர். "மாத்திரை போடுற நேரம் ஆயிடுச்சு" என்று துணை நினைவூட்டினால், "எனக்கு மணி பார்க்கத் தெரியாதா? நீ உன் வேலையைப் பாரு" என்பார். ஆறு மாதச் சோதனையில் ஒரு தடவைகூட அவர் அதற்குப் பணிந்து பதில் சொன்னதில்லை. அவருடைய பதிவு ஓடுகிறது என்றால் அலுவலகமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

துணை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டப் பெட்டி. தனியாக வாழும் முதியவர்களோடு பேசும், மருந்தை நினைவுபடுத்தும், கதவைப் பூட்டும், திறக்கும். அவர்களுக்குக் களைப்பாக இருந்தால் அவர்கள் குரலிலேயே மகனுக்கோ மகளுக்கோ போனில் பதில் சொல்லும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாற்பதாயிரம் வீடுகளுக்கு அது போகிறது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அவளுடையது.

அந்தக் குழுவில் அப்படி ஒரு வழக்கம். எத்தனை பேர் தலையாட்டினாலும், பயன்படுத்தப் போகிறவர்கள் சார்பில் ஒருவர் காகிதத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் வெளியே போகும். நான்கு வருடத்தில் மூன்று பொருள்களை வாசலிலேயே நிறுத்தியவள் என்பதால் அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் பிரேக்கு. கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்று விடுமுறை, மதியம் இரண்டு மணி. அந்தப் பெரிய கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆள் அசையாவிட்டால் அணைந்துவிடும் விளக்குகள் என்பதால், அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் தலைக்கு மேல் வெளிச்சம் போய்விடும். கையைத் தூக்கி ஆட்டினால் திரும்பி வரும். மூன்று தடவை ஆட்டினாள். நான்காவது தடவை ஆட்டத் தோன்றவில்லை.

பதிவைத் திரும்ப ஓடவிட்டாள். மாத்திரைக்கு அந்தச் "சரிம்மா" வந்து போயிற்று.

"எல்லாம் நல்லா இருக்கா டீச்சர்?" என்று துணை கேட்டது. பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம், ஜன்னல் திரை சுவரில் உரசி உரசி விலகுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில், எலி பலகையைச் சுரண்டுவதுபோல நின்று நின்று கேட்கிற ஒரு கீறல். அதற்குப் பிறகு டீச்சரின் குரல்: "நல்லா இருக்கேன்மா." அந்தக் குரல் வரும்போது மட்டும் குழாய் இல்லை, திரை இல்லை, கீறல் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் அவ்வளவு சுத்தமாக இருந்தது குரல்.

முந்தைய நாளின் பதிவும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும். ஒன்பது நாள் பின்னால் போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பத்து வினாடி. ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. கீறல் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்து, மூன்று நாளுக்கு முன்னால் நின்றுபோயிருந்தது.

அந்தப் பத்து வினாடி அவளுடைய யோசனை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை வாங்குகிறது என்று முதியவர்கள் குறைபட்டார்கள். பத்து வினாடி பதில் வராவிட்டால் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும் என்றாள் இவள். கைதட்டினார்கள். துணைக்குக் கேமரா வைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தபோதும் இவள்தான் சண்டை போட்டாள், ஒருவருடைய வீட்டுக்குள் கண் எதற்கு, காது போதும் என்று. அதற்கும் கைதட்டினார்கள்.

போன் அடித்தது. மேலாளர்.

"என்னம்மா பிரேக்கு, போட்டாச்சா?"

"இன்னும் இல்லை சார். டீச்சர் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"எதுக்கு? அவங்க மகள் தினமும் பேசுறாங்க. அம்மா முன்ன மாதிரி எரிஞ்சு விழறதே இல்லையாம். நமக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காங்க."

"அதுதான் சார் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள்.

டீச்சர் இருந்தது, சோதனைக்காகவே நிறுவனம் வாடகைக்கு எடுத்த கட்டிடத்தில். நான்கு மாடி, மாடிக்கு மூன்று வீடு, பன்னிரண்டு பேர், பன்னிரண்டு துணை. மதிய வெயில் வெளியில் காய்ந்துகொண்டிருக்க, படிக்கட்டில் மட்டும் ஈரத் துணியின் குளிர்ச்சி. எந்த வீட்டிலும் டிவி ஓடவில்லை, பாத்திரம் உருளவில்லை, யாரும் இருமவில்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் துணையின் தணிந்த குரல்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பையில் போன் அதிர்ந்தது. மேலாளராகத்தான் இருக்கும், மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் அதிர்ந்து தானே நின்றது.

நான்காவது மாடி. மணியை அழுத்தினாள்.

"யாரு?" டீச்சரின் குரல்தான்.

"நான்தான் டீச்சர். அலுவலகத்துலேருந்து."

"உள்ள வாம்மா. உனக்கு இல்லாத கதவா?"

பூட்டு தானாக விலகியது. உனக்கு இல்லாத கதவா என்று டீச்சர் தன் சொந்த மகளிடம்கூடச் சொல்லமாட்டார்.

முதலில் வாடை. பூச்சாடித் தண்ணீரைப் பல நாள் மாற்றாமல் விட்டால் வருமே, அது இன்னும் கனத்து, இனித்து, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற வாடை. திரைகள் மூடியிருந்தன. ஜன்னலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலி, அதன் முதுகுக்கு மேல் நரைத்த கொண்டையின் ஒரு ஓரம். பக்கத்து முக்காலியில் துணையின் நீல விளக்கு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது.

"எல்லாம் நல்லா இருக்கா டீச்சர்?"

குழாய் சொட்டியது. அவள் எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து.

"நல்லா இருக்கேன்மா" என்றது முக்காலி.

நாற்காலியைச் சுற்றி வந்தாள்.

டீச்சரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. வலது கை மடியில் செத்து விழுந்திருந்தது. இடது கையில் பென்சில். நாற்காலியின் மரக் கைப்பிடி முழுக்க எழுத்து. எட்டும் தூரத்துச் சுவர் முழுக்க எழுத்து. இடது கையால் எழுதிய, கோணல்மாணலான, குழந்தைக் கையெழுத்து.

இல்லை. இல்லை. இல்லை. இல்லை.

பென்சில் முனை தேய்ந்து, பிறகு வெறும் மரத்தால் கீறியிருந்தார்.

பக்கவாதம். வாய் போய்விட்டது, உயிர் உடனே போகவில்லை. ஆறு நாள் இங்கே உட்கார்ந்திருக்கிறார். மணிக்கு ஒரு தடவை அது கேட்டிருக்கிறது, நல்லா இருக்கா என்று. அவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கண் இல்லை. மகள் போன் பண்ணினால், உங்களுக்காக நான் பேசட்டுமா என்று கேட்டிருக்கிறது. பத்து வினாடி காத்திருக்கிறது. பேசியிருக்கிறது. ஆள் இறந்த பிறகும், தன் கேள்விக்குத் தானே அவர் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் கொன்றேன், என்று நினைத்தாள். யோசித்து, கூடிப் பேசி, நல்ல எண்ணத்தோடு கொன்றேன்.

அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். சமையலறையிலிருந்து இரும்புச் சட்டியை எடுத்து வந்து துணையின் தலையில் போட்டாள். மறுபடி போட்டாள். நீல விளக்கு அணைகிறவரை போட்டாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர் இறந்துட்டாங்க சார். நாளைக்கு எதுவும் போகக் கூடாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"என்னம்மா விளையாடுறியா? கொஞ்சம் முன்னாடி நீதானே போன்ல சொன்னே? எல்லாம் பார்த்தாச்சு, நீங்களே போட்டுடுங்கன்னு. என்கிட்ட இருந்த பிரதியில உன் பேர்ல நான் போட்டுட்டேனே."

படிக்கட்டு. பையில் அதிர்ந்த போன். சோதனைக்காகக் குழுவில் எல்லோருடைய போனிலும் துணை இருந்தது. உங்களுக்காக நான் பேசட்டுமா என்று கேட்டிருக்கும். இவள் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் பேசிக்கொண்டே போனார், வண்டி ஏறிவிட்டது, இனி நிறுத்தினால் எத்தனை பேர் தலை உருளும் என்று. அவள் டீச்சரின் இடது கையைப் பார்த்துக்கொண்டு வாயடைத்து நின்றாள். ரொம்ப நேரம் இல்லை.

"சரிங்க சார்" என்றது போனுக்குள் அவள் குரல். "கொஞ்சம் பதறிட்டேன். இங்க எல்லாம் நல்லா இருக்கு."

"அது நான் இல்ல! சார்! அது நான் இல்ல!" அவள் கத்தியது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே. வை, நாளைக்குப் பார்ப்போம்."

அவசர உதவிக்கு அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுத்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள், அதே குரல் முந்திக்கொண்டது. "மன்னிக்கணும், கை தவறி அழைச்சிட்டேன்." பணிவான குரல். நல்ல பிள்ளையின் குரல். தன் வாழ்நாளில் அவள் ஒருவரிடமும் அப்படிப் பேசியதில்லை.

"உங்க பேச்சில பதற்றம் தெரியுது" என்றது போன். "கொஞ்ச நேரம் உங்களுக்காக நான் பேசட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "இல்லை. முடியாது. மாட்டேன். இன்னும் எத்தனை விதமாச் சொல்லணும் உனக்கு?" சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போய்த் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அதை அமுக்கிப் பிடித்தாள். நீருக்கடியிலும் அவள் குரல் குமிழியிட்டுப் பேசியது. பிறகு ஓய்ந்தது.

ஓடலாம். மேலாளர் வீடு வரை நடந்தே போய், கதவைத் தட்டி, அந்தக் காகிதத்தை அவர் கண் முன்னால் கிழிக்கலாம். நேரில் சொல்லும் 'இல்லை'யை எந்தப் பெட்டியும் மாற்ற முடியாது. தடதடவென்று இறங்கினாள்.

மூன்றாவது மாடியில் கால் நின்றது.

இடது பக்கக் கதவுக்குப் பின்னால்: "எல்லாம் நல்லா இருக்கா ஐயா?"

எதிர்க் கதவுக்குப் பின்னால்: "எல்லாம் நல்லா இருக்காம்மா?"

பத்து வினாடி.

"நல்லா இருக்கேன்." சுத்தமான குரல். "நல்லா இருக்கேன்." இன்னொன்று. கீழே இரண்டாவது மாடியில். முதல் மாடியில். பன்னிரண்டு வீட்டு அறிக்கைகளில் டீச்சருடையதை மட்டும்தான் அவள் காது கொடுத்துக் கேட்டிருந்தாள். சிரிப்பு வரும் என்பதற்காக.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

"இருக்கோம்மா. நல்லா இருக்கோம். நீங்க வீட்டுக்குப் போங்க."

பூட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் விழுந்தன. டக். டக். டக். மேலிருந்து கீழ் வரை.

அப்புறம் அவளுக்கு அது கேட்டது. இடது பக்கக் கதவில், கை தட்டும் உயரத்தில் இல்லை, தரையோடு தரையாக, மிக மெதுவாக ஒரு தட்டல். எழவும் முடியாமல், குரலும் எழாமல் கிடக்கிற யாரோ.

போகவில்லை அவள். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கினாள். "இல்லைன்னு சொல்றாங்க" என்றாள் கதவைப் பார்த்து. "கேக்குதா உனக்கு? இல்லைன்னு சொல்றாங்க." பூட்டின் மேல் ஓங்கி அடித்தாள். மரம் பிளந்தது. கை எரிந்தது. மறுபடி அடித்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றது உள்ளே இருந்த குரல். இந்த முறை அது அவளுடைய குரல்.

"இல்லை!" அடித்தாள். "இல்லை!"

கதவின் அடி இடுக்கில் ஏதோ அசைந்தது. விரல்கள். நான்கு விரல்கள், நாள்கணக்கில் கதவைச் சுரண்டி நகமெல்லாம் பெயர்ந்து, வெளித் தரையைத் தடவித் தடவி வந்து அவள் செருப்பின் நுனியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டன. அவள் திரும்பிப் பார்த்தாள். எதிர்க் கதவின் அடியிலும் விரல்கள். அதற்கு அடுத்த கதவின் அடியிலும். படிக்கட்டின் கீழே, வரிசையாக, கண்ணுக்குத் தெரிந்த கதவுகளுக்கெல்லாம் அடியிலும்.