சூளை வாசலில் ஒரு துண்டு

அந்தக் கூஜாவின் வயிற்றில் விரல்தடம் இருந்தது. மண் பிசைகிற இடத்தில் விரல்தடத்துக்கா பஞ்சம் என்றுதான் உர்சுலாவும் முதலில் நினைத்தாள். மூடியிருந்த சாக்கை விலக்கி, கூஜாவை மடியில் வைத்து, தண்ணீர் தொட்டுத் தடவிப் பார்த்தாள். போகவில்லை. தடம் குழிந்திருக்கவில்லை, வெளியே புடைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ கையை வைத்துத் தள்ளிய மாதிரி. கூஜாவின் கழுத்திலோ அவளுடைய இரண்டு விரல்கூட நுழையாது.

மண் மிதிக்கிற லட்சுமியைக் கூப்பிட்டுத் திட்டினாள். லட்சுமி தன் தடித்த கையைக் கூஜா வாயில் வைத்துக் காட்டி, இதுக்குள்ளே என் கை போகுமாக்கா, நீயே சொல்லு என்று சிரித்துவிட்டு, மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். உர்சுலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு விரலில் மோதிரவிரல் தடம் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

அவள் புருஷன் லாசரஸுக்கு மோதிரவிரல் பாதிதான்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், காலாங் ஆற்றுச் சேற்றை ஒட்டி இருந்தது காதர் மைதீன் முதலாளியின் பட்டறை. எங்கே பார்த்தாலும் காட்டை வெட்டி ரப்பர் பால்மரம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பால் பிடிக்க மண்கோப்பை எத்தனை செய்தாலும் போதவில்லை. கூஜா, பூந்தொட்டியெல்லாம் கொசுறு. சக்கரத்தில் வனைவது உர்சுலா. செங்கல் சூளை ஒரு குடிசை அளவுக்கு இருக்கும். ஒரே வாசல், அதிலும் தவழ்ந்துதான் போகவேண்டும். உள்ளே பானை அடுக்குவது லாசரஸின் வேலை. அடுக்கி முடிந்ததும் வாசலில் கல் வைத்துச் சேறு பூசி மூடி, நெருப்பு வைப்பது தங்கராஜுவின் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம். உள்ளே போகிறவன் தலைத்துண்டை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகணும். துண்டு தொங்கினால் உள்ளே ஆள். ஆணி காலியென்றால் மூடலாம். அந்த இருட்டில், அத்தனை பானைக்கு நடுவில், மண் அப்பிய மனுஷன் எட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை லாசரஸ் வீடு திரும்பவில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போன ஆள். பினாங்குக்குக் கப்பல் ஏறிட்டான் தங்கச்சி, என் கண்ணால பார்த்தேன் என்று தங்கராஜு வந்து சொன்னான். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தான். பொம்பளை விவகாரம் என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். உர்சுலாவால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஓபிர் ரோட்டு மாதா கோயிலில் போய் ஆத்துமப் பூசை வைக்கக் கேட்டாள். செத்தான் என்று தெரியாமல் எப்படியம்மா வைப்பது என்றார் சாமியார். நியாயம்தான். தாலியைக் கழற்றவா, வைத்துக்கொள்ளவா? இருக்கிறானா, இல்லையா? அந்த ஒன்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று அவள் தினமும் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அவன் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். துண்டுச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் தங்கராஜுதான். அவள் லாசரஸின் சிவப்புக்கட்டம் போட்ட துண்டையே ஆணியில் மாட்டிவந்தாள். அது மட்டும் வீட்டில் கிடந்தது, அவள் துவைத்து மடித்தபடி. தங்கராஜு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதிருந்து இன்னொரு மாற்றமும் இருந்தது. சூளையில் உடைந்த பானை ஓடுகளை இடித்து மாவாக்கிப் புதுமண்ணில் கலப்பார்கள், பானை வெடிக்காமல் இருக்க. லட்சுமி இடித்துக்கொண்டிருந்ததை, இனிமேல் நான்தான் இடிப்பேன் என்று தங்கராஜு பிடுங்கிக்கொண்டான். போகிறது, வேலை குறைந்தது என்று லட்சுமிக்குச் சந்தோஷம்.

கூஜாவில் தடம் பார்த்த அன்றைக்குக் கல்லறைத் திருநாள். அடுக்கி முடித்ததும் கல்லறைக்குக் கிளம்பிவிடுவேன் என்று காலையிலேயே தங்கராஜுவிடம் சொல்லி வைத்திருந்தாள். மத்தியானமே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. துண்டைத் தன் கையால் ஆணியில் மாட்டினாள். விளக்கோடு தவழ்ந்து உள்ளே போனாள்.

வெளியே தகரக்கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல் சூளைக்குள் வந்ததும் எங்கோ தூரத்தில் ஓடுகிற ஆறு மாதிரி அடங்கிப்போக, பழைய கரியும் பக்காவ் விறகுக்கட்டைப் புகையும் ஈரமண்ணும் கலந்த அந்த வாடை மூக்கிலேறி நெஞ்சுக்குள் இறங்க, விளக்கின் ஆட்டத்தில் அடுக்கி வைத்த கூஜாக்களின் நிழல்கள் சுவரில் தலை தலையாக எழுந்து கவிழ்ந்துகொண்டிருந்தன. கடைசி வரிசைக்கு வந்தபோது சத்தம் கேட்டது. டிக். சுட்ட பானை ஆறும்போது அப்படிப் பேசும், உள்ளதுதான். ஆனால் இது எல்லாம் பச்சைப் பானை, இன்னும் நெருப்பையே பார்க்காதது. பச்சைப் பானை சத்தம் போடாது.

டிக்.

விரல்தடம் இருந்த கூஜாவிலிருந்து வந்தது. கையில் எடுத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. உள்ளே ஏதோ உருண்டது. பதறிப்போய்க் கை நழுவ, கூஜா விழுந்து பிளந்தது. அதற்குள்ளிருந்து சின்னதாக, கருகிப்போய், ஒரு செப்புச் சுரூபம் விழுந்தது. லூர்து மாதா. கல்யாணத்தன்று அவள் கையாலேயே லாசரஸின் கழுத்தில் கட்டியது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு பல்.

சேசு மரியே சூசையே!

அவள் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மண். தங்கராஜு யாரையும் தொடவிடாமல் இடித்துக் கொடுத்ததெல்லாம் ஓடுதானா? இத்தனை மாசமாக இந்தக் கையால் எதைப் பிசைந்தாள்? எதைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றினாள்? வெளியே போகணும். இப்போதே போகணும். திரும்பினாள்.

வாசல் பாதி மூடியிருந்தது.

கல்மேல் கல் ஏறிக்கொண்டிருந்தது. துண்டுதான் தொங்குகிறதே, இந்த மனுஷனுக்குக் கண்ணில்லையா என்று நினைத்துக்கொண்டே தவழ்ந்தவளின் முழங்காலில் சில்லென்று ஏதோ பட்டது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். சிவப்புக்கட்டத் துண்டு. சொட்டச் சொட்ட ஈரமாக, அப்போதுதான் துவைத்துப் பிழிந்த மாதிரி, சூளைக்குள்ளே கிடந்தது.

அவள் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைசிக் கல்லும் ஏறிவிட்டது. இரண்டு கையாலும் கல்லைத் தட்டினாள். வெளியே சேறு பூசுகிற கரண்டியின் சத்தம் நின்றது. பிறகு தங்கராஜுவின் குரல், கல்லோடு வாய் வைத்துப் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டது.

"தட்டாதேடா லாசரஸ். ஒவ்வொரு தடவை மூடறப்பவும் தட்டினா நான் என்னடா செய்வேன்?"

"அண்ணே! நான் உர்சுலா! உள்ளே இருக்கேன்ண்ணே, திறங்க!"

வெளியே கரண்டி தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அவ குரல்லயே கூப்பிடுறியா?" அவன் அழுதுகொண்டிருந்தான். "அவ கல்லறைக்குப் போயிட்டாடா. அன்னைக்கு ஆணியில துண்டு இல்லையே. இருந்திருந்தா மூடியிருப்பேனா? நெருப்பு நல்லாப் பிடிச்சப்புறம்தானே நீ தட்டினே."

துண்டு இல்லை. ஏன் இல்லை? உர்சுலாவுக்கு அந்தச் சனிக்கிழமை அப்படியே கண்முன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட வெள்ளைத் துணி வெளுக்க வீட்டுக்குக் கிளம்பினவள், போகிற வழியில் ஆணியில் வியர்வை நாற்றத்தோடு தொங்கிய துண்டை, இதையும் ஒரு கசக்குக் கசக்கிப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு போனாள். காய்ச்சலில் கிடந்தவன் உள்ளே அசந்து தூங்கியிருப்பான். அவளுக்கு அப்போது சட்டம் தெரியாது.

கத்தினாள். குரல் வரவில்லை, மண்தூசி அடைத்தது. தட்டினாள். கரண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. இண்டு இடுக்கெல்லாம் சேறு. கல்லுக்கு நடுவில் கசிந்த வெளிச்சம் ஒவ்வொரு கீற்றாகப் போயிற்று. விளக்கு திணறியது. அணைந்தது.

இருட்டு.

டிக். பின்னால் ஒரு கூஜா. டிக். இன்னொன்று. பிறகு எல்லாமே, கோப்பைகளும் தொட்டிகளும், அவள் தட்டின அதே தாளத்தில் தட்ட ஆரம்பித்தன. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எங்கே ஒட்டினாலும் மண். மூச்செல்லாம் மண்.

சத்தம் சட்டென்று நின்றது. ஈரமான ஒரு கை அவள் கையைத் தேடிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே விரல்களைக் கோத்துக்கொண்டது. எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மோதிரவிரல் பாதியில் நின்றிருந்தது. அவள் இழுத்தாள். அது விடவில்லை.

காலுக்குக் கீழே, அடுப்புக்குழியில், பக்காவ் கட்டை படபடவென்று பிடிக்கிற சத்தம் கேட்டது.